பனிச்சாலையும் மோட்டார் வண்டியும்

(காங்கேயத்தில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவு)



மழையே அளந்து பெய்கிற இந்தக் காங்கேயம் பூமியில், சித்திரை வெயிலில் தார் இளகி டயரில் ஒட்டுகிற சாலைகளுக்கு நடுவே, வெண்பனி மூடிய பாதைகளில் கார்கள் எப்படி ஓடுகின்றன என்று பேச ஒருவன் எழுந்து நிற்பது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் 1920-ஆம் ஆண்டில் ஜி. டி. நாயுடு அவர்கள் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துக்கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே போக்குவரத்தைத் தொடங்கிய காலம் முதற்கொண்டே மோட்டார் என்பது கொங்கு நாட்டாருக்குக் கைவந்த விஷயமாக இருந்து வருகிறது. நாமக்கல், சங்ககிரிப் பக்கத்து லாரிகள் பாரதத்தின் வடகோடி வரைக்கும் பாரம் ஏற்றிச் செல்கின்றன. நம்முடைய இளைஞர்களோ சொந்தக் காரிலேயே மணாலிக்கும் லே நகரத்துக்கும் புறப்பட்டு விடுகிறார்கள். பிள்ளைகளை டொராண்டோவுக்கும் ஜெர்மனிக்கும் அனுப்பிவிட்டு, அங்கே பனி கொட்டுகிறது என்று தொலைபேசியில் கேட்ட மாத்திரத்தில் உறக்கம் கொள்ளாமல் தவிக்கும் பெற்றோர் இந்தச் சபையிலேயே பலர் இருக்கக்கூடும். ஆகையால் விஷயம் நமக்கு அந்நியமானதன்று.

எந்தக் கார் பனிக்கு ஏற்றது என்பதே எல்லோரும் கேட்கிற கேள்வி. அதற்கு விடை சொல்லத்தான் வந்திருக்கிறேன். எனினும் அந்த விடைக்கு ஆதாரமான கருத்து ஒன்றை முதலிலேயே கூறிவிடுவது நலம்: பனியில் ஒரு வண்டியின் யோக்கியதையை அது புறப்படுகிற அழகை வைத்து நிர்ணயிப்பவர் ஏமாந்து போவார், அது நிற்கிற விதத்தை வைத்தே நிர்ணயிக்க வேண்டும்.

வானத்திலிருந்து அப்பொழுதுதான் விழுந்த வெண்பனி பஞ்சு போன்றது. சக்கரம் அதில் புதையுமே தவிர அவ்வளவாக வழுக்காது. அதன் மேல் பத்து வண்டிகள் போனபின் அது நசுங்கிக் கெட்டியாகிப் பளபளப்பான தளமாக மாறுகிறது. பகல் வெயிலில் அதன் மேற்பரப்பு உருகி, சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியதும் மறுபடி உறையும்பொழுது அது கண்ணாடிக்கு ஒப்பான பனிக்கட்டி ஆகிவிடுகிறது. இவற்றினும் கொடியது, சாலையின் கருமையே ஊடாகத் தெரியும்படி மெல்லிய தகடாகப் படிந்திருக்கும் பனிக்கட்டி. ஈரச் சாலை என்று எண்ணி அதன்மேல் காரைச் செலுத்துகிறவர், சாலை கையை விட்டுப் போன பின்னரே அதன் சுபாவத்தை அறிகிறார். கடுங்குளிரில்தான் பனிக்கட்டி அதிகமாக வழுக்கும் என்று நாம் எண்ணுவது இயல்பு. உண்மை அதற்கு நேர்மாறானது. பனிக்கட்டியின் மேற்பரப்பில் நீர் போன்ற மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது என்று மைக்கேல் ஃபாரடே 1850-ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். உறைநிலைக்கு இருபது பாகை கீழே உள்ள பனிக்கட்டியைக் காட்டிலும், உறைநிலையை ஒட்டி நிற்கும் பனிக்கட்டியே அந்தப் படலத்தின் காரணமாக அதிக ஆபத்தானது. மார்கழி, தை மாதங்களில் உதகமண்டலத்துத் தலைக்குந்தா வெளியில் விடியற்காலையில் புல்லும் கார்க் கூரையும் வெள்ளைப் போர்வை போர்த்துக் கிடப்பதைக் கண்டவர்கள், உறைநிலையை ஒட்டிய அந்தக் குளிரின் சாயலை ஓரளவு அறிவார்கள்.

இதைக் கணக்காகச் சொன்னால் இன்னும் தெளிவாகும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் உலர்ந்த தார்ச்சாலையில் பிரேக் பிடித்த இடத்திலிருந்து ஏறத்தாழ 30 அடியில் நின்றுவிடும். கெட்டிப்பட்ட பனியில் அதற்கு 100 அடி வேண்டும். வழுக்கும் பனிக்கட்டியில் 200 அடியும் போதாமற் போகலாம். வேகத்தைப் பாதியாக்கினால் இந்தத் தூரம் நாலில் ஒன்றாகக் குறைகிறது. ஆகவே அதே பனிக்கட்டியில் 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு 50 அடிக்குச் சற்று அதிகமான இடம் போதும். இந்தக் கணக்கில் வண்டியின் எடை வரவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். கனமான வண்டி தரையை அழுத்திப் பிடிக்கும், அதனால் வழுக்காது என்ற நம்பிக்கை நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. அழுத்துகிற எடையே முன்னோக்கித் தள்ளுகிற உந்தமும் ஆகிறபடியால், ஒன்றை ஒன்று ஈடுசெய்து, லாபமும் இல்லாமல் நஷ்டமும் இல்லாமல் போய்விடுகிறது.

இந்த அடிப்படையை மனத்தில் இருத்திக்கொண்டு வண்டி வகைகளைப் பார்ப்போம்.

முன்னால் எஞ்சினும் பின்சக்கரங்களில் இழுவிசையும் அமைந்த கார் நம்முடைய தலைமுறைக்கு நன்கு பழக்கமானது. அம்பாஸடரும் பத்மினியும் அந்த ஜாதி. இன்றைய பொலீரோவும், நம்மூர்க் கல்யாணங்களுக்கு வரிசையாக வந்து நிற்கும் இன்னோவாக்களில் பெரும்பாலானவையும் அந்த ஜாதியே. இவ்வகையில் கனம் முன்புறம் இருக்க, தள்ளவேண்டிய சக்கரங்கள் பின்புறம் பாரமின்றி இருக்கின்றன. பனியில் ஆக்ஸிலேட்டரைச் சற்று அழுத்தினாலும் அவை இருந்த இடத்திலேயே சுழலும்; வளைவில் அழுத்தினாலோ வண்டியின் வால் வெளிப்பக்கமாக வீசிக்கொண்டு முன்புறத்தை முந்தப் பார்க்கும். குளிர்தேசத்தார் இதற்கு ஒரு யுக்தி செய்தார்கள். டிக்கியில் மணல் மூட்டைகளை வைத்துப் பின்சக்கரத்துக்குப் பாரம் சேர்த்தார்கள். சிக்கிக்கொண்டால் அந்த மணலையே சக்கரத்தின் முன் தூவிக்கொள்ளவும் முடிந்தது.

எஞ்சினையே பின்னால் கொண்டு போய் வைத்த ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கார் இந்தக் குறையை வேறு விதத்தில் தீர்த்தது. இழுக்கும் சக்கரத்தின் மேலேயே எஞ்சினின் பாரம் அமர்ந்தபடியால் அது மேட்டில் நன்றாக ஏறிற்று. காற்றால் குளிரும் எஞ்சின் ஆகையால் ரேடியேட்டர் தண்ணீர் உறைந்து எஞ்சின் பிளாக் வெடிக்கும் பயமும் அதற்கு இல்லை. ஆயினும் வளைவில் பின்பாரம் ஊசலாடத் தொடங்கினால் அதை அடக்குவது புதியவர்களுக்கு எளிதாக இருக்கவில்லை.

மூன்றாவது வகை, எஞ்சினும் இழுவிசையும் முன்புறமே அமைந்தது. பிரான்ஸில் 1934-இல் சித்ரோயன் கம்பெனி இதைப் பெருவாரியாகச் செய்துகாட்டியது. பனி மிகுந்த ஸ்வீடன் தேசத்து ஸாப் கம்பெனி 1949-இல் தன்னுடைய முதற்காரையே இம்முறையில் வெளியிட்டது. அந்தக் கம்பெனியின் கார் 1962, 1963 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் எரிக் கார்ல்ஸன் கையில் மாண்ட்டி கார்லோ ராலி என்னும் குளிர்காலக் கார்ப் பந்தயத்தை வென்றது. அடுத்து வந்த ஆண்டுகளில் அதே முன்சக்கர முறையைக் கொண்ட மினி என்னும் சின்னஞ்சிறு கார், பெரிய கார்களையெல்லாம் பின்தள்ளிப் பரிசு பெற்றது. நம்நாட்டில் 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 முதல், இன்று நம் வீடுகளில் நிற்கும் சிறு கார்களில் மிகப் பலவும் இந்த இனமே. முன்சக்கரங்களே வண்டியை இழுக்கின்றன, அவற்றின் மேலேயே எஞ்சினின் பாரமும் இருக்கிறது. எனவே சமதளப் பனியில் இவ்வகை நம்பத் தகுந்தது. ஆனால் செங்குத்தான ஏற்றத்தில் கனம் பின்னோக்கிச் சாய, முன்சக்கரம் இலேசாகிப் பிடியை இழக்கிறது. இதனாலேயே சில அநுபவசாலிகள் அத்தகைய ஏற்றத்தில் வண்டியைத் திருப்பி ரிவர்ஸ் கியரில் ஏற்றுவார்கள். இழுப்பதும் திருப்புவதும் ஒரே ஜோடிச் சக்கரத்தின் வேலையாக இருப்பதால், இரண்டையும் ஒரே சமயத்தில் அதிகமாகக் கேட்டால் ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் வண்டி நேராகவே போய்விடும்.

இனி நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. 1941-இல் யுத்தத்துக்காகப் பிறந்த வில்லீஸ் ஜீப், சுதந்திரத்துக்குப் பின் மஹிந்திரா மூலமாக நம் நாட்டுக்கு உரியதாயிற்று. ஜபல்பூரில் ராணுவத்துக்காகச் செய்யப்பட்ட ஜோங்காவும், 1985-இல் வந்த மாருதி ஜிப்ஸியும் இமயமலையில் நெடுங்காலம் உழைத்தன. இலேசான உடம்பும் ஒடுக்கமான டயரும் கொண்ட ஜிப்ஸி, புதுப்பனியின் மேல் மிதக்காமல் அதைக் கிழித்துக்கொண்டு அடியிலுள்ள கெட்டித் தரையைத் தொட்டுவிடும். ஆகவே அகலமான டயர் மாட்டினால்தான் பனியில் கம்பீரம் என்று எண்ணுவது வீண் பிரமை. மேலும் சாதாரணச் சிறு கார்களின் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் இடையே ஒரு சாண்கூட இல்லாதபடியால், அதற்கு மேல் பனி குவிந்தால் வயிறு தட்டி, சக்கரங்கள் அந்தரத்தில் சுழலும். உயரமான வண்டிக்கு அந்தத் தொல்லை குறைவு.

இவ்வளவு அனுகூலங்கள் உள்ள வண்டியிடம் ஒரு குறையும் ஒரு மயக்கமும் மறைந்திருக்கின்றன. குறை இது: வளைவில் வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட அதிக தூரம் ஓடவேண்டியிருப்பதால், இரண்டுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கர அமைப்பை வைத்திருக்கிறார்கள். சாதாரண டிஃபரன்ஷியல் இரு பக்கத்துக்கும் சமமான முறுக்குவிசையையே கொடுக்கும். ஆதலால் ஒரு சக்கரம் பனிக்கட்டியில் பிடியிழந்து நின்றால் அது தாங்கக்கூடிய சொற்ப விசைதான் மற்றதற்கும் கிடைக்கும். மணாலிக்கு மேலே குளிர்காலத்தில் இதை எவரும் காணலாம்: இடச்சக்கரம் சாலையோரப் பனிக்கட்டியில் விர்ரென்று சுழன்று புகைகிறது, வலச்சக்கரம் உலர்ந்த தாரின் மேலேயே நின்றும், ஓர் அங்குலம் அசையாமல் இருக்கிறது, ஓட்டுகிறவர் மேலும் மேலும் ஆக்ஸிலேட்டரை மிதிக்க, சுழலும் சக்கரம் தன் சூட்டினாலேயே பனியை உருக்கித் தனக்கு ஒரு குழியைத் தோண்டிக்கொள்கிறது. முன் அச்சில் ஒரு சக்கரமும் பின் அச்சில் ஒரு சக்கரமும் இவ்வாறு பிடியிழந்தால், நாலு சக்கரமும் இழுக்கும் வண்டிகூட நின்ற இடத்திலேயே நின்றுவிடும். டிஃபரன்ஷியலைப் பூட்டும் வசதி உள்ள வண்டியும், சுழலும் சக்கரத்தை மட்டும் தானே பிரேக் பிடித்து மறு சக்கரத்துக்கு விசையைத் திருப்பும் புதிய கார்களும் இந்தத் தடையைக் கடக்கின்றன.

மயக்கம் இதைவிடப் பெரிது. பாரவண்டியை மேட்டில் இழுப்பதைக் கண்டு காளையை மெச்சுவார்கள் வேடிக்கை பார்ப்பவர்கள். ஆனால் காங்கேயம் காளை பூட்டி ஓட்டிய பழைய வண்டிக்காரரைக் கேட்டால், இறக்கத்தில் பின்னாலிருந்து தள்ளுகிற பாரத்தை நுகத்தில் வாங்கிக் கால் ஊன்றி நிற்கிற மாடே மாடு என்பார். மோட்டாரிலும் அப்படித்தான். நாலு சக்கர இழுவிசை மேட்டில் ஏற உதவும். பிரேக் பிடிக்கும்பொழுதோ எல்லாக் கார்களுக்கும் நாலு சக்கரத்திலேதான் பிரேக் இருக்கிறது. அந்த விஷயத்தில் பல லட்சம் பெறுமான ஜீப்பும் பழைய மாருதியும் ஒன்றே. சிரமமில்லாமல் மேலே ஏறியவருக்கு, தரை எவ்வளவு வழுக்குகிறது என்ற எச்சரிக்கை கிடைப்பதே இல்லை. இறங்கும்போதுதான் அது கிடைக்கிறது, அப்பொழுது காலம் கடந்துவிடுகிறது.

ஆகவே கேள்வி எஞ்சினை விட்டுச் சக்கரத்துக்கும் தரைக்கும் இடையே உள்ள இடத்துக்கு வருகிறது. நாலு டயர்களும் தரையைத் தொடுகிற பரப்பு தலைக்கு ஓர் உள்ளங்கை அளவுதான். நம் நாட்டில் விற்கும் டயர்கள் நம்முடைய வெயிலை எண்ணிச் செய்யப்பட்டவை. ஏழு பாகைக்குக் கீழே குளிர்ந்தால் அவற்றின் ரப்பர் விறைத்துவிடுகிறது. பனிக்கால டயரின் ரப்பரோ கடுங்குளிரிலும் மிருதுவாகவே இருக்கும். அதன் மேல் நெருக்கமாகக் கீறப்பட்ட மெல்லிய வெட்டுகள் தரையைக் கௌவும். ஆழமான பள்ளங்களில் பனி நிரம்பினாலும் கேடில்லை, பனி பனியோடு ஒட்டும் குணத்தால் அதுவும் பிடிப்பாகிறது. பின்லாந்தில் இன்று நோக்கியன் என்று பெயர் பெற்ற தொழிற்சாலை 1934-இல் லாரிகளுக்கும், இரண்டாண்டு கழித்துக் கார்களுக்கும் இத்தகைய டயரைச் செய்தது. கானடாவின் கியூபெக் மாகாணம் 2008 முதல் குளிர்காலத்தில் இதைச் சட்டப்படி கட்டாயமாக்கியிருக்கிறது. டொராண்டோ உள்ள ஒன்டாரியோவில் அவ்விதக் கட்டாயம் இல்லாதபடியால், வின்டர் டயர் போடலாமா, ஆல்-சீசன் டயரே போதுமா என்பது அங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் எழுகிற விவகாரம். நார்வேயின் வடகோடி மீன் தொழிற்சாலைகளில் வேலைக்குச் சேர்ந்த யாழ்ப்பாணத்துத் தமிழர்கள், இரும்பு ஆணி பதித்த டயரையும் பழகிக்கொண்டார்கள். அந்த ஆணி பனிக்கட்டிக்கு நிகரற்றது. ஆனால் பனியில்லாத சாலையைச் சுரண்டிப் புழுதி கிளப்புவதால் ஆஸ்லோ நகரத்தில் அதற்குத் தனிக் கட்டணம் வாங்குகிறார்கள்.

டயர் மாற்ற வசதியில்லாத நம்மவர்க்கு உற்ற துணை சங்கிலி. அமெரிக்காவில் ஹாரி வீட் என்பவர் 1904-இல் காப்புரிமை பெற்ற இந்தச் சாதனம் இன்றும் பெரிய மாறுதலின்றி வழங்குகிறது. ஸ்ரீநகரிலிருந்து லடாக் செல்லும் பாதையில் பனிக்காலத்தில் நாலு சக்கர இழுவிசை உள்ள வண்டியையோ சங்கிலி கட்டிய வண்டியையோதான் போலீஸார் விடுவது வழக்கம். சங்கிலியைச் சிக்கில்லாமல் தரையில் விரித்து, சக்கரத்தின் மேல் போர்த்தி, உட்பக்கக் கொக்கியை முதலில் மாட்டி, பிறகு வெளிப்பக்கத்தை இறுக்கி, சில கஜ தூரம் ஓட்டி நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும். விரல் மரத்துப் போகும் குளிரில் முதன்முறையாக இதைச் செய்ய முற்படுவது பேதைமை. வீட்டு வாசலிலேயே பழகிக்கொள்ள வேண்டும். எந்தச் சக்கரம் இழுக்கிறதோ அதிலேயே சங்கிலி கட்ட வேண்டும். முன்சக்கரக் காருக்குப் பின்னால் கட்டினவர் மேடும் ஏறமாட்டார், வளைவும் திரும்பமாட்டார். சங்கிலி கட்டிய பின் 40 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டலாகாது. பனி முடிந்த இடத்தில் அவிழ்த்துவிட வேண்டும்.

இந்தச் சந்தர்ப்பத்தில் நம்மவரின் பழைய சாதனை ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். 1948-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி, பதினோராயிரம் அடிக்கு மேற்பட்ட சோஜிலா கணவாயில் நம் ராணுவம் டாங்கிகளை ஏற்றிச் சென்று பகைவரைத் திகைக்க வைத்தது. அந்த டாங்கிகளுக்கு வழியாகப் பழைய கோவேறு கழுதைப் பாதையைப் பனிக்கும் எதிரிகளின் குண்டுக்கும் இடையே அகலப்படுத்திக் கொடுத்தவர்கள் மதராஸ் ஸாப்பர்ஸ் என்னும் தென்னாட்டுப் பொறியியற் படையினர். டாங்கியின் இரும்புப் பட்டை, எடையைப் பரப்பித் தரையைப் பற்றுகிறது. ஆனால் அதற்கும் முதலில் பாதை வேண்டியிருந்தது. 1960-இல் ஏற்பட்ட எல்லைச் சாலை நிறுவனத்தார் ஆண்டுதோறும் பனியை வெட்டி வழிவிடுவதாலும், 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட ஒன்பது கிலோமீட்டர் அடல் சுரங்கப்பாதை ரோத்தாங் கணவாயின் உச்சியைத் தவிர்ப்பதாலுமே இன்று நம்முடைய கார்கள் அங்கே உலவுகின்றன.

புதிய சாதனங்களைப் பற்றியும் சில வார்த்தை. 1978 முதல் பரவிய ஏ.பி.எஸ். பிரேக், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பதால் பிரேக் பிடித்தபடியே வண்டியைத் திருப்ப முடிகிறது. ஆனால் அது பனியில் நிற்கும் தூரத்தைக் குறைத்துவிடும் என்று நம்பக்கூடாது. உதிரிப் பனியில் அந்தத் தூரம் கூடுவதும் உண்டு. டீசல் கடுங்குளிரில் மெழுகு கட்டிக் குழாயை அடைத்துவிடும். மலைப்பாதையில் லாரிக்காரர்கள் டீசல் டாங்கிக்கு அடியில் தீ மூட்டிச் சூடேற்றும் அபாயகரமான வழக்கம் இதனால் வந்தது. 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் கம்பெனி லடாக்குக்கென்று, உறைநிலைக்கு 33 பாகை கீழேயும் இளகி ஓடும் டீசலை வெளியிட்டது. மின்சாரக் கார் அடிபாரமும் நிதானமான விசையும் கொண்டதாகையால் பனியில் அடக்கமாகவே ஓடும். நார்வேயில் 2024-இல் விற்ற புதுக் கார்களில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது மின்சாரக் காரே என்பதும் கவனிக்கத் தக்கது. குளிரில் அதன் பாட்டரி சீக்கிரம் தீர்வதும், ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் தானே வேகத்தைப் பிடித்திழுக்கும் அதன் சுபாவம் பனிக்கட்டியில் சக்கரத்தைச் சறுக்கவிடக்கூடியதும் நினைவில் இருக்க வேண்டியவை.

எவ்வகைக் காரானாலும் ஓட்டும் முறை ஒன்றே. இரண்டாவது கியரில் மெல்லப் புறப்படுக. இறக்கத்தில் எஞ்சினைக் கொண்டே வேகத்தை அடக்குக. பிரேக்கை வளைவுக்கு முன்பே முடித்துக்கொள்க. முன்வண்டிக்கும் நமக்கும் இடையே வழக்கத்தைப் போல் மூன்று நான்கு மடங்கு இடம் விடுக. பனியில் சிக்கி நிற்க நேர்ந்தால் எஞ்சினை ஓடவிட்டுக் கண்ணாடியை மூடிக்கொண்டு தூங்கலாகாது. பனியால் அடைபட்ட புகைக்குழாயிலிருந்து வாசனையற்ற விஷவாயு காருக்குள் புகும். 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் முர்ரீ மலையூரில் பனி பார்க்கப் போய்க் காருக்குள் சிக்கியவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கடுங்குளிரோடு அந்த வாயுவும் அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. 2024 டிசம்பர் இறுதியில் மணாலியை அடுத்த சோலாங்குக்கும் அடல் சுரங்கத்துக்கும் இடையே ஏறத்தாழ ஆயிரம் வண்டிகள் சிக்கியபொழுது, அவற்றில் எல்லா வகைக் கார்களும் இருந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. முன்னால் ஒரு கார் குறுக்கே நின்றுவிட்டால் பின்னால் நிற்கும் ஜீப்பின் பராக்கிரமம் என்ன செய்யும்?

ஆகையால், எந்தக் கார் ஏற்றது என்ற கேள்விக்கு என் விடையை வரிசைப்படுத்திச் சொல்லி முடிக்கிறேன். முதலிடம் இன்றைக்குப் போகத்தான் வேண்டுமா என்று யோசித்து, வேண்டாமென்றால் அறையிலேயே தங்கத் துணிகிற புத்திக்கு. இரண்டாவது இடம் டயருக்கும் சங்கிலிக்கும். மூன்றாவது இடம் வேகத்துக்கு. இவற்றுக்குப் பின்னரே எந்தச் சக்கரம் இழுக்கிறது என்ற ஆராய்ச்சி. நல்ல பனிக்கால டயர் போட்ட முன்சக்கரச் சிறு கார், வெயில்கால டயரோடு செல்லும் ஜீப்பைக் காட்டிலும் பத்திரமாக மலையிறங்கி வரும். லட்சக்கணக்கில் பணம் கொடுத்து ஜீப் வாங்கிவிட்டு, சில ஆயிரம் ரூபாய்ச் சங்கிலிக்குக் கணக்குப் பார்க்கிற சிக்கனத்தை நம்மவர்கள் விட்டுவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.